கடை உங்களுடையது... இணைய முகவரி யாருடையது? சிறு வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

“தம்பி, நம்ம கடைக்கும் ஒரு வெப்சைட் போட்டுக் குடுத்துரு. எவ்வளவு ஆகும்?”

“பண்ணிரலாம்ங்கண்ணா. டொமைன், ஹோஸ்டிங், டிசைன் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். நீங்க எதையும் பார்க்க வேண்டாம், எல்லாம் நான் பாத்துக்கறேன்.”

சிறு நகரங்களில் பல வணிக இணையதளங்கள் இப்படி ஒரு பேச்சில்தான் பிறக்கின்றன. பேசுபவர் பெரும்பாலும் தெரிந்த பையனாக இருப்பார். ஏமாற்றும் எண்ணமும் இருக்காது. ஆனால், ‘எல்லாம் நான் பாத்துக்கறேன்’ என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் பின்னால் வரும் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

உதாரணத்துக்கு, ஈரோடு மாவட்டம் சென்னிமலையில் பெட்ஷீட், போர்வை விற்கும் கடை ஒன்றை வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுகளாக இணையதளம் ஓடுகிறது. விசிட்டிங் கார்டு, கட்டைப்பை, பில் புக் என எல்லாவற்றிலும் தள முகவரி அச்சாகியிருக்கிறது. வெளியூர் ஆர்டர்கள் அதன் வழியாகத்தான் வருகின்றன. தளம் செய்துகொடுத்த பையன் வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டார், நம்பரும் மாறிவிட்டது. ஒருநாள் காலையில் பழைய வாடிக்கையாளர் போன் செய்து, “என்னங்க, கடையை மூடிட்டீங்களா? சைட்ல வேற ஏதோ விளம்பரம் வருதே” என்கிறார்.

கடையில் சரக்கு இருக்கிறது, கல்லாவில் ஆள் இருக்கிறது, ஆனால் இணையத்தில் கடை இல்லை. இந்த நிலை எப்படி வருகிறது, வராமல் தடுப்பது எப்படி?

டொமைன்: சொந்தம் அல்ல, வாடகை

இணையதளத்தின் பெயர்தான் டொமைன். இதை யாரும் நிரந்தரமாக விலைக்கு வாங்க முடியாது. ஓராண்டு முதல் அதிகபட்சம் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்து, காலம் முடியும்போது புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பதிவைச் செய்துதரும் நிறுவனங்களுக்கு ‘ரெஜிஸ்ட்ரார்’ என்று பெயர். ‘டாட் இன்’ என்று முடியும் இந்திய முகவரிகளை நிர்வகிப்பது ‘நிக்ஸி’ என்ற அமைப்பு.

இதில் கவனிக்க வேண்டியது, பதிவு யார் பெயரில், எந்த இமெயிலில் இருக்கிறது என்பதுதான். பதிவு எவர் கணக்கில் இருக்கிறதோ, ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்தவரை அவர்தான் உரிமையாளர். கடைக்காரர் பணம் கொடுத்திருக்கலாம். போர்டில் அவர் பெயர் இருக்கலாம். அதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தெரியாது.

‘டாட் காம்’ போன்ற முகவரிகளுக்கு, காலம் முடிவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆனால், அந்த மெயில் போவது பதிவில் உள்ள முகவரிக்கு. பையனின் பழைய கல்லூரிக் கால மெயிலுக்கு அது போனால், கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

காலம் முடிந்த பிறகும் உடனே கைவிட்டுப் போய்விடாது. ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாட்கள் வரை சலுகைக் காலம் கிடைக்கலாம். அதையும் தவறவிட்டால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது வழக்கமான கட்டணத்துடன் கூடுதல் தொகையும் கேட்பார்கள். பிறகு 5 நாட்களில் பெயர் நீக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை வரும். சில ரெஜிஸ்ட்ரார்கள் சலுகைக் காலத்திலேயே பெயரை ஏலத்துக்கு விடுவதும் உண்டு என்பதால், ‘இன்னும் நாள் இருக்கே’ என்று காத்திருப்பது ஆபத்து.

இன்றே செய்யக்கூடியவை

தளம் செய்துகொடுத்தவருடன் நல்ல உறவில் இருக்கும்போதே இவற்றைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

முதலில், எந்த ரெஜிஸ்ட்ராரிடம் பதிவு செய்யப்பட்டிருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்பது. இதை இணையத்தில் ‘ஹூ இஸ்’ தேடல் மூலம் யாரும் பார்க்கலாம். ஆனால் பதிவு செய்தவரின் பெயர் பெரும்பாலும் அதில் மறைக்கப்பட்டிருக்கும். எனவே கணக்குக்குள் நுழைந்து பார்ப்பதே சரியான சோதனை.

இரண்டாவது, கடை உரிமையாளர் தன் பெயரில், தன் இமெயிலில், தன் மொபைல் எண்ணில் ஒரு ரெஜிஸ்ட்ரார் கணக்கு திறந்து, டொமைனை அதற்கு மாற்றிக்கொள்வது. வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற ‘ஆத் கோடு’ எனப்படும் ரகசியக் குறியீடு தேவை. பழைய கணக்கில் இருப்பவர்தான் அதை எடுத்துத் தர முடியும்.

மூன்றாவது, ஹோஸ்டிங் கணக்கின் பாஸ்வேர்டும், தளத்தின் முழு பேக்கப் பிரதியும். ஹோஸ்டிங் என்பது தளத்தின் கோப்புகள் இருக்கும் இடம். அதற்கும் தனியாக ஆண்டுக் கட்டணம் உண்டு. டொமைனைப் புதுப்பித்துவிட்டு ஹோஸ்டிங்கை மறந்தாலும் தளம் திறக்காது.

நான்காவது, இந்தக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் இரட்டைப் பாதுகாப்பு. பாஸ்வேர்டு தெரிந்தாலும், உரிமையாளரின் போனுக்கு வரும் குறியீடு இல்லாமல் யாரும் நுழைய முடியாது.

இதற்காகப் பராமரிக்கும் பையனைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறோம். அதற்காகப் பத்திரத்தை அவர் பெயரில் எழுதுவதில்லையே! வேலைக்கு உரிய பணத்தை ஆண்டுதோறும் தனியாகக் கொடுத்துவிட்டு, உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்வதுதான் இருவருக்கும் நல்லது.

கூகுள் மேப்பில் யார் நம்பர் இருக்கிறது?

சொந்தத் தளம் இல்லாத கடைக்கும் கூகுளில் ஒரு முகம் இருக்கும். தேடினால் கடைப் பெயர், படம், நேரம், போன் எண், வழி எல்லாம் ஒரு பெட்டியில் வருமே, அதுதான் ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’. 2021 வரை ‘கூகுள் மை பிசினஸ்’ என்று அழைக்கப்பட்டது. இது முழுக்க இலவசம்.

இலவசம் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. “கூகுள்ல இருந்து பேசுறோம், உங்க லிஸ்டிங் இன்னிக்கு ராத்திரியோட நீக்கிடுவாங்க, பணம் கட்டினா காப்பாத்தலாம்” என்று வரும் அழைப்புகள் மோசடி. பணமும் கட்டக் கூடாது, ஓடிபியும் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேச வேண்டும்.

இங்கும் உரிமைக் கேள்வி வருகிறது. இந்தப் புரொஃபைலில் ‘உரிமையாளர்’, ‘மேலாளர்’ என்று இரண்டு நிலைகள் உண்டு. கடைக்காரர் உரிமையாளராகவும், பராமரிப்பவர் மேலாளராகவும் இருக்க வேண்டும். வேலையை விட்டுப் போனவர் பெயரில் உரிமை இருந்தால், கூகுளிலேயே உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். தற்போதைய உரிமையாளர் பதில் தராவிட்டால், கடையை வீடியோ எடுத்துக் காட்டுவது போன்ற சரிபார்ப்பின் மூலம் உரிமை பெற வழி உண்டு.

மேப்பில் உள்ள தகவலை மாற்றும்படி பொதுமக்கள் யாரும் பரிந்துரைக்க முடியும் என்பதும் பலருக்குத் தெரியாது. எனவே மாதம் ஒருமுறை, வேறு ஒருவரின் போனில் கடைப் பெயரைத் தேடி, அங்கே வரும் எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பார்ப்பது நல்லது. மணி அடிப்பது நம் கல்லாவிலா, பழைய ஊழியரின் பாக்கெட்டிலா என்பது தெரிந்துவிடும்.

ரிவ்யூ விஷயத்தில், தள்ளுபடி கொடுத்து நட்சத்திரம் வாங்குவது கூகுள் விதிகளுக்கு எதிரானது. போலி விமர்சனங்களைக் கட்டுப்படுத்த இந்திய தர நிர்ணய அமைப்பும் 2022-ல் ‘ஐஎஸ் 19000’ என்ற தரநிலையை வெளியிட்டது. பொருள் வாங்கியவரிடம், “பிடிச்சிருந்தா ரெண்டு வரி எழுதுங்க” என்று நேரடியாகக் கேட்பதே போதும். மோசமான விமர்சனம் வந்தால் சண்டை போடாமல் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலைப் படிக்கப்போவது திட்டியவர் மட்டும் அல்ல, அடுத்து வரப்போகும் நூறு பேரும்தான்.

இன்ஸ்டாகிராம் இருந்தா போதாதா?

நியாயமான கேள்வி. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் இலவசம். வாடிக்கையாளர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் அது அடுத்தவர் திண்ணை. 2020 ஜூன் 29-ல் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அங்கே சேர்த்த ஃபாலோயர்கள் எல்லாம் ஒரே இரவில் போனார்கள். 2021 அக்டோபர் 4-ல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. கூகுளே தன் பிசினஸ் புரொஃபைலுடன் இலவசமாகத் தந்த குட்டித் தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது.

சந்தையில் கடை போடத்தான் வேண்டும். கூடவே, வாடிக்கையாளர் திரும்பி வர ஒரு சொந்த முகவரியும், அவர்கள் சம்மதத்துடன் வாங்கிய போன் எண் பட்டியலும் தனியாக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருப்பவர்கள், அந்த சிம் கார்டு உரிமையாளர் பெயரில் இருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். எனவே பில் கொடுக்கும்போதே, “நம்ம நம்பரை சேவ் பண்ணிக்குங்க, புது சரக்கு வந்தா அனுப்பறோம்” என்று சொல்வது பலன் தரும்.

தளத்தில் என்ன இருக்க வேண்டும்?

பல கடைத் தளங்களில் முழு விவரமும் ஒரு நோட்டீஸ் படமாகவே இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடுபொறி நம்மைக் காட்டும் என்று சொல்ல முடியாது. அச்சகத்தில் பயன்படுத்தும் பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததும் தேடலில் வராது. யூனிகோட் தமிழில், எழுத்தாகவே இருக்க வேண்டும்.

‘எங்களைப் பற்றி’ என்று பெருமை பேசும் பக்கத்தைவிட, வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் பக்கம் முக்கியம். டபுள் காட் பெட்ஷீட் என்ன அளவு, சாயம் போகுமா, சென்னைக்கு அனுப்ப எவ்வளவு, பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுப்பீர்களா? கடையில் தினமும் கேட்கும் பத்து கேள்விகளை எழுதிவைத்து, அதே வார்த்தைகளில் பதில் போட்டாலே தேடுபொறிக்கான வேலை பாதி முடிந்தது. “மூணே மாசத்துல கூகுள்ல முதல் இடம், கியாரண்டி” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.

தளத்திலேயே ஆர்டர் எடுப்பவர்கள் 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளையும் பார்க்க வேண்டும். நிறுவனப் பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர் அலுவலர் விவரம் ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

விளம்பரக் கணக்கு: கல்லாவில் பாருங்கள்

விளம்பரத்துக்கு 3,000 ரூபாய் ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 3,540. ஐயாயிரம் பேர் பார்த்து, 40 பேர் விசாரித்து, 6 பேர் வாங்கினால், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன செலவு 590 ரூபாய். ஒரு ஆர்டரில் லாபம் 150 ரூபாய் என்றால் மொத்த லாபம் 900 மட்டுமே. அந்த ஆறு பேரும் திரும்பத் திரும்ப வாங்கினால்தான் கணக்கு நேராகும். லைக் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த நஷ்டம் தெரியாது.

எனவே “எங்க பார்த்துட்டு வந்தீங்க?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, பில் புக்கின் ஓரத்தில் குறித்துவைக்க வேண்டும். கூகுள் விளம்பரத்தில் இன்னொரு கவனம் தேவை. நாம் தேர்ந்தெடுத்த ஊரில் ‘ஆர்வம் காட்டும்’ வெளியூர்க்காரர்களுக்கும் காட்டும்படிதான் அதன் அமைப்பு முதலில் இருக்கும். நேரில் வருபவர்களை நம்பிய கடை என்றால், அந்த ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு பக்கம் எழுதி வையுங்கள்

கடைசியாக, ஒரு நோட்டில் ஒரே ஒரு பக்கம். டொமைன் எங்கே, எப்போது முடிகிறது, ஹோஸ்டிங் எங்கே, கூகுள் புரொஃபைல் எந்த மெயிலில், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எந்த எண்ணில். இவற்றை எழுதி, கடைப் பத்திரம் இருக்கும் அதே பீரோவில் வைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவிடுவது நல்லது. பாஸ்வேர்டை மட்டும் அதே தாளில் எழுத வேண்டாம். புதுப்பிக்கும் தேதியை, ஒரு மாதம் முன்பே, கடை காலண்டரிலும் வட்டமிடலாம்.

அடுத்த முறை “எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்று யாராவது சொன்னால், பதில் இப்படி இருக்கட்டும்: “நீயே பாத்துக்க தம்பி, காசும் நான் சரியா குடுத்தர்றேன். ஆனா பதிவு மட்டும் என் பேர்ல, என் மெயில்ல இருக்கட்டும்.”