பூச்சிமருந்துக்குப் பூட்டு மட்டும் போதுமா?

பயிரைக் காக்க வாங்கிய மருந்தே வீட்டிலுள்ளவரின் உயிரைப் பறிக்கும் செய்தி கிராமங்களில் இன்றும் கேட்கப்படுகிறது. நெடுநாள் மனச்சுமையின் மேல் கடன்காரர் பேச்சோ குடும்பச் சச்சரவோ சேரும்போது சிலருக்குத் தற்கொலை எண்ணம் திடீரென மூள்கிறது. பலரிடம் இந்த வேகம் சிறிது நேரமே நீடிக்கும். அது தணியும் வரை மருந்து கைக்கு எட்டாமலும் மனிதர் ஒருவர் பக்கத்திலும் இருக்க வேண்டும்.

இலங்கையில் 1995-ஆம் ஆண்டளவில் தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு 47 என்ற அளவில் இருந்தது. அந்நாட்டு அரசு 1984 முதல் கொடிய நஞ்சுள்ள மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தது. 2015-க்குள் விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை என்பது விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி.

அதே நாட்டில் வீடுதோறும் பூட்டுப் பெட்டி கொடுத்து, 180 கிராமங்களில் பெரிய ஆய்வு ஒன்றும் நடந்தது. 2017-இல் வெளிவந்த அதன் முடிவு ஏமாற்றமளித்தது. பெட்டி கொடுத்ததால் மட்டும் நஞ்சு உட்கொள்வது குறையவில்லை. சாவி வீட்டிலேயே தொங்கினால் பூட்டினால் என்ன பயன்?

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் வேறு முறை சோதிக்கப்பட்டது. ஊருக்குப் பொதுவான சேமிப்பு அறையில் ஒவ்வொரு விவசாயிக்கும் தனிப் பெட்டி. அதற்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி விவசாயியிடம், மற்றது அறைப் பொறுப்பாளரிடம். விவசாயிகள் இதை விரும்பி ஏற்றனர். சிறிய சோதனைதான், ஆனால் மருந்து எடுக்க இன்னொருவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்பதே இதன் பலம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தும் வீட்டுக்கு அப்பால் இவ்வாறு செய்யலாம். அந்தந்தத் தெளிப்புக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குவது இன்னும் நல்லது. பரணில் மிச்சம் வைக்க வேண்டாம்.

எப்போதும் வயலுக்குப் போகிறவர் போகாமலிருப்பது, ஆசையாய் வளர்த்த மாட்டைக் காரணமின்றிப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாவிட்டாலும் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள்" என்பது போன்ற பேச்சு ஆகியவற்றை அலட்சியம் செய்யக் கூடாது. சாக நினைக்கிறாயா என்று நேரிடையாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படாது. பெரும்பாலும் நெஞ்சின் பாரம் இறங்கும். அறிவுரை கூறாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அன்றிரவு அவரைத் தனியே விடலாகாது.

கைபேசியில் முகந்தெரியாதவர்களோடு இரவெல்லாம் சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதில் சிலர் ஆறுதல் தேடுகின்றனர். அவர்களும் துயரத்தில் இருப்பவர்களே. ஒருவர் சோர்வு மற்றவரைத் தொற்றும். தவறான வழி காட்டுவோரும் அங்கு உண்டு. எழுந்து வந்து கதவைத் தட்ட அவர்களால் இயலாது.

14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். கடன்தான் நெருக்குகிறது என்றால், உறவினர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு கூட்டுறவு வங்கியில் தவணையை மாற்றித் தரக் கோருவது நன்று. தனியே போகிறவர் வாய் திறவாமல் திரும்பிவிடுவதுண்டு.

யாரேனும் நஞ்சை உட்கொண்டுவிட்டால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எதையும் புகட்டக் கூடாது. மருந்தின் பெயருள்ள புட்டியை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வழக்கு வரும் என்று அஞ்சி மறைப்பதால் சிகிச்சை தாமதமாகிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம் இத்தகையவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. அவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை.

பிழைத்து வீடு திரும்பியவரை முதல் சில வாரங்கள் அக்கம்பக்கத்தார் அடிக்கடி போய்ப் பார்ப்பது நல்லது. அதுவரை அந்த வீட்டுத் தெளிப்பு வேலையைப் பங்காளியோ அண்டை நிலத்தாரோ ஏற்றுக்கொள்ளலாம்.