80 வயது போர் விமானம் மீண்டும் பறக்குமா?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவான லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் மொத்தம் 7,377.

இன்று பறக்கும் நிலையில் எத்தனை இருக்கு தெரியுமா? இரண்டே இரண்டுதான். ஒன்று பிரிட்டனில், இன்னொன்று கனடாவில்.

மூன்றாவது, 1945இல் தயாரான 'ஜஸ்ட் ஜேன்'. அதைப் பறக்கவைக்க இங்கிலாந்தின் ஈஸ்ட் கர்க்பியில் பழுதுபார்ப்பு நடக்கிறது.

யார் வாங்கியது?

பான்டன் சகோதரர்கள் இருவர். அவர்களின் அண்ணன் 1944இல் குண்டுவீச்சுப் பணியில் உயிரிழந்தார். அவர் நினைவாகத்தான் விமானத்தை வாங்கினார்கள்.

ஏன் இவ்வளவு காலம்?

வெளியே பளபளப்பாக இருந்தாலும் அலுமினியத் தகடுகளுக்கு உள்ளே அரிப்பு இருக்கலாம். அதனால் குளிர்காலத்தில் பகுதி பகுதியாகக் கழற்றிச் சோதிக்கிறார்கள், கெட்டதை மாற்றுகிறார்கள். கோடையில் மறுபடியும் பூட்டி, பார்வையாளர்களை ஏற்றித் தரையில் ஓட்டுகிறார்கள். அந்தக் கட்டணம் பழுதுபார்ப்புக்கு உதவுகிறது.

அரும்பொருளகத்தில் வைத்தால் போதாதா?

வைத்தால் பழைய பாகங்கள் அப்படியே மிஞ்சும். பறக்கணும்னா பலவற்றைப் புதிதாக மாற்றியே ஆகவேண்டும். ஆனால் நான்கு மெர்லின் இயந்திரங்களும் ஒன்றாக முழங்குவதைக் கேட்க, விமானம் உயிரோடு இருக்கணும்.

நீங்களாக இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?