காலை எடுத்தால் த்ராட்டில் மூடியாக வேண்டும்: ஹாட் ராட் வைத்திருப்போர் அறிய வேண்டியவை

1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 67 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. பெரும்பாலானவை 1965 முதல் 1969 வரை தயாரான செவ்ரலே வண்டிகள். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் பிய்ந்துபோவதுதான் கோளாறு. மவுண்ட் பிய்ந்த வண்டியில் வேகம் கொடுத்தால் இன்ஜின் ஒரு பக்கம் மேலெழும்பும். அப்போது ஆக்சிலரேட்டர் இணைப்பும் சேர்ந்து இழுபட்டு, த்ராட்டில் திறந்தபடியே நின்றுவிடும். ஓட்டுநர் காலை எடுத்தாலும் வண்டி பாயும். இன்ஜின் எழும்பாதபடி ஒரு கம்பிவடத்தால் பிணைத்துக் கொடுத்தார்கள்.

பொறியாளர்கள் வடிவமைத்துத் தொழிற்சாலையில் தயாரான வண்டிக்கே இந்தக் கதி. ஹாட் ராட் அப்படிப் பிறந்த வண்டி அல்ல. 1932 ஃபோர்டின் உடல், 1960-களின் செவ்ரலே வி-8 இன்ஜின், வேறொரு வண்டியின் பெடல், கடையில் வாங்கிய கார்புரேட்டர் என்று பல இடத்துப் பாகங்கள் ஒன்றுகூடிய வண்டி அது. பெடலையும் கார்புரேட்டரையும் இணைக்கும் கம்பியின் நீளத்தையும் கோணத்தையும் முடிவுசெய்தவர் அதைக் கட்டியவர் மட்டுமே. அவர் செய்தது சரியா என்று பார்க்கும் பொறுப்பு, இன்று ஓட்டுகிறவருக்கு உண்டு.

சட்டம் எதுவரை துணை வரும்?

1973 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் தயாரான வண்டிகளுக்கு மத்திய வாகனப் பாதுகாப்பு விதி 124 பொருந்தும். த்ராட்டிலை மூட குறைந்தது இரண்டு தனித்தனி விசைகள் இருக்க வேண்டும். ஒன்று செயலிழந்தாலும் மற்றொன்று மூட வேண்டும். இணைப்பு ஓரிடத்தில் அறுந்தாலும் த்ராட்டில் திரும்பியாக வேண்டும். சாதாரண வெப்பநிலையில் கார்களுக்கு இதற்கான கெடு ஒரு விநாடி.

அதற்கு முன் பிறந்த வண்டிக்கு இந்த விதி கிடையாது. ஆனால் விதி சொல்லும் அறிவு எந்த வண்டிக்கும் பொருந்தும். இழுவைப் பந்தயங்களை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பும் இதே திசையில்தான் விதி வகுத்திருக்கிறது: திருப்பியிழுக்கும் ஸ்பிரிங் நேரடியாகக் கார்புரேட்டரின் கையிலேயே (லீவரிலேயே) மாட்டியிருக்க வேண்டும், இணைப்பு எல்லை மீறித் திரும்பாதபடி ஒரு தடுப்பு வேண்டும், சோக் கேபிளை ஆக்சிலரேட்டர் கேபிளாகப் பயன்படுத்தக் கூடாது.

ஆபத்து ஒளிந்திருக்கும் இடங்கள்

முதலாவது, ஸ்பிரிங். பலர் பெடலில் ஒரு ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இடையில் கம்பி கழன்றால் அந்த ஸ்பிரிங் பெடலை மட்டும் மேலே தூக்கும். கார்புரேட்டரை ஒன்றும் செய்யாது. கார்புரேட்டரின் கையில் இரண்டு ஸ்பிரிங்குகள் வேண்டும். இரண்டையும் ஒரே பிராக்கெட்டில் மாட்டினால், அந்த பிராக்கெட்டின் போல்ட் தளர்ந்த அன்று இரண்டுமே போய்விடும்.

இரண்டாவது, கோணம். பெடலை முழுவதும் அழுத்தும்போது கம்பியும் கார்புரேட்டரின் கையும் ஒரே நேர்க்கோட்டுக்கு வந்துவிட்டால், ஸ்பிரிங்கால் திருப்பியிழுக்க முடியாது. கோட்டைத் தாண்டினால் இன்னும் மோசம்: மூட வேண்டிய ஸ்பிரிங்கே திறந்து பிடித்துக்கொள்ளும். கம்பியைக் கையில் உள்ள வேறு துளைக்கு மாற்றுவதும், பெடலுக்கு அடியில் தரையில் ஒரு நிறுத்தி வைப்பதும் இதற்கு மருந்து. நிறுத்தி இருந்தால் காலின் முழு பலமும் கார்புரேட்டர் தண்டின் மீது விழாது.

மூன்றாவது, இன்ஜினின் அசைவு. இந்த வி-8 இன்ஜின்களில் வேகம் கொடுத்ததும் இடது பக்கம் மேலெழும்பப் பார்க்கும். வளையாத கம்பி இணைப்பு அந்த அசைவை அப்படியே த்ராட்டிலுக்குக் கடத்தும். நல்ல கேபிளுக்கு மாறுவது பாதுகாப்பு. ஆனால் சைலன்சர் குழாய்களை ஒட்டிக் கேபிளைக் கொண்டுசென்றால், உள்ளே இருக்கும் நைலான் உறை உருகி, கம்பி சிக்கிக்கொள்ளும்.

மூன்று கார்புரேட்டர் வரிசையாக உள்ள இன்ஜினில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பல வண்டிகளில் நடுவிலுள்ளது முதலில் திறக்கும். ஓரங்களில் உள்ளவை நீள்துளைக் கம்பி இழுத்தபின் திறக்கும். அந்தத் துளை தேய்ந்தாலோ திருகு தளர்ந்தாலோ, நடுவிலுள்ளது மூடியும் ஓரத்திலுள்ளது திறந்தே நிற்கலாம். மூன்றுக்கும் தனித்தனி ஸ்பிரிங் மாட்டுங்கள்.

இன்ஜினை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்

ஏர் கிளீனரைக் கழற்றி, உதவிக்கு ஒருவரைப் பெடலை மெதுவாக முழுவதும் அழுத்தச் சொல்லுங்கள். உள்ளே தகடுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். மெதுவாக விடச் சொல்லுங்கள். பிறகு சட்டென்று விடச் சொல்லுங்கள். இரண்டு முறையும் தடையின்றி மூட வேண்டும். அடுத்து ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, மற்றதை மட்டும் வைத்துப் பாருங்கள். பிறகு அதை மாட்டி, இதைக் கழற்றிப் பாருங்கள். ஏர் கிளீனரைத் திரும்ப மாட்டியதும் இன்னொரு முறை செய்யுங்கள். அதன் அடிப்பகுதி இணைப்பில் உரசுவது பலருக்கும் தெரியாமல் போகும் கோளாறு. தரைவிரிப்பு பெடலுக்கு அடியில் மடிகிறதா, கிளிப்பும் பின்னும் அனைத்து மூட்டுகளிலும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கடைசியாக, இன்ஜினின் இடது பக்கத்தை ஒரு நெம்புகோலால் மெல்லத் தூக்குங்கள். மவுண்டின் ரப்பர் விரிந்து பிரிந்தால் அந்த வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்.

சாலையில் த்ராட்டில் ஒட்டிக்கொண்டால்

பிரேக்கை ஒரே அழுத்தாக, பலமாக அழுத்திப் பிடியுங்கள். விட்டு விட்டு அழுத்தாதீர்கள்: த்ராட்டில் முழுவதும் திறந்திருக்கும்போது பவர் பிரேக்குக்குத் தேவையான வெற்றிடம் இன்ஜினிலிருந்து கிடைக்காது; சேமிப்பில் உள்ளதும் சில அழுத்தங்களில் தீர்ந்துவிடும். உடனே நியூட்ரலுக்கு மாற்றுங்கள். இன்ஜின் அலறினாலும் பயப்படாமல் ஓரம் கட்டுங்கள். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கும்போது ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் நிலைவரை போய்விடாதீர்கள்.

உங்கள் உரிமைகள்

பாதுகாப்புக் குறைபாடு உள்ள வண்டியையும் பாகத்தையும் தயாரிப்பாளர் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். ஆனால் அந்த இலவசக் கடமைக்கு 15 ஆண்டு வரம்பு உண்டு. 1965 செவ்ரலேவுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. அதே சமயம், நீங்கள் புதிதாக வாங்கிய கார்புரேட்டரும் லிங்கேஜ் கிட்டும் சட்டப்படி வாகன உதிரிபாகங்களே. அவை உடைந்தாலோ ஒட்டிக்கொண்டாலோ, தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் புகார் அளிக்கலாம். ஒரே பாகம் குறித்துப் பலர் புகார் செய்தால் விசாரணைக்கு வாய்ப்பு கூடும். உடைந்த பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். படம் எடுத்து, ரசீதோடு பத்திரப்படுத்துங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் விடும்போது உள்ள உரிமைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் வேலை தொடங்கும் முன் எழுத்துமூல மதிப்பீடு தர வேண்டும். உங்கள் சம்மதமின்றித் தொகை அதைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே கேட்டால் கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். மீறினால் மாநிலத்தின் வாகனப் பழுதுபார்ப்புத் துறையில் புகார் செய்யலாம்.

தனிநபரிடம் பழைய ஹாட் ராட் வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதிக் கையெழுத்தாகும் விற்பனையில், மறைத்தோ ஏமாற்றியோ விற்றதை நிரூபிக்க முடியாவிட்டால், பிறகு தெரியவரும் கோளாறு வாங்கியவர் தலையில்தான் விழும். ஆகவே மேலே சொன்ன சோதனையைப் பணம் கொடுக்கும் முன் செய்யுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வாங்காதீர்கள். இரண்டு நல்ல ஸ்பிரிங்குகளின் விலை மிகச் சொற்பம். அவை இல்லாத வண்டியை ஓட்டும்போது பணயம் வைக்கப்படுவது உங்கள் உயிர் மட்டுமல்ல, எதிரே நடந்து வருகிறவரின் உயிரும்தான்.