குடி வைத்துப் பார்!

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று சொல்லி வைத்த புண்ணியவான் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அவர் கட்டிய வீட்டில் அவரே இருந்திருப்பார் போலிருக்கிறது. வாடகைக்கு விட்டிருந்தால், 'குடி வைத்துப் பார்' என்றும் கட்டாயம் சேர்த்திருப்பார்.

மணலி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் உச்சியில் எரியும் சுடர்தானே? மதராஸ் ரிஃபைனரீஸ் கம்பெனி 1965-இல் பதிவாயிற்று; 1969-இல் ஆலை ஓட ஆரம்பித்தது. 1966-இல் உருவான உரக் கம்பெனியும், அதற்குப் பின் ரசாயனத் தொழிற்சாலைகளும் வந்து சேர்ந்தன. உத்தியோகத்துக்கு வந்தவர்களில் பலர் பிராவிடெண்டு பணத்தைப் போட்டுப் பக்கத்திலேயே ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். இன்று அவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். பிள்ளைகள் சோழிங்கநல்லூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். பெற்றவர்களும் அவர்களோடு போய்விட, வீடு மட்டும் மணலியிலேயே நிற்கிறது. அதிலிருந்து வரும் வாடகைதான் சில வீடுகளில் மாத்திரை மருந்துக்கு ஆதாரம்.

குடித்தனக்காரர்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும் 'ஷட் டவுன்' சமயத்தில் வெல்டர்களும் ஃபிட்டர்களும் கூட்டமாக வந்து இறங்குவார்கள். கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள், ஒப்பந்தத் தொழிலாளிகள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்கள் என்று வீடு தேடுவோர் பலர். ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. தவறாமல் வாடகை கொடுத்து, வீட்டை வீடாக வைத்திருந்து, சொன்ன தேதியில் சாவியைத் திருப்பித் தருகிற ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

அந்த ஆளை நாம் எப்படித் தேடுகிறோம்? "தம்பி, சொந்த ஊர் எது? மாமிசம் சாப்பிடுவீங்களா? கல்யாணம் ஆயிடுச்சா? நீங்க என்ன ஆளுங்க?" இந்த நாலு கேள்வியோடு பரீட்சை முடிந்துவிடுகிறது. சம்பளம் எவ்வளவு, எந்தக் கம்பெனி, முன்பு இருந்த வீட்டை ஏன் காலி செய்தார் என்று கேட்பவர் எத்தனை பேர்? கருவாட்டுக் குழம்பு வைப்பவர் முதல் தேதியே வாடகை கொடுத்துவிடலாம். கத்தரிக்காயைத் தவிர வேறெதையும் தொடாதவர் ஆறு மாதம் இழுத்தடிக்கலாம். சாதியைக் கேட்டு வாசலோடு திருப்பி அனுப்புவது அநியாயம் என்பது ஒருபுறமிருக்க, வியாபாரக் கணக்கிலும் அது அசட்டுத்தனம்.

இந்த வேலையைத் தொழிலாகவே செய்ய இப்போது நிர்வாக ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். தரகருக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் உண்டு. தரகர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார். நிர்வாகி வாடகையில் இத்தனை சதவிகிதம் என்று பேசிக்கொண்டு மாதாமாதம் கூடவே இருப்பார். நல்ல நிர்வாகியாக இருந்தால் சம்பளச் சீட்டைப் பார்ப்பார். பழைய வீட்டுக்காரரோடு பேசுவார். குடியேறும் நாளில் மின்சார மீட்டரையும், சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இருவரிடமும் கையெழுத்து வாங்குவார். ஷட் டவுன் ஆட்கள் வந்தால் ஒவ்வொருவரோடும் தனித்தனியாகப் பேசாமல், அவர்களை அழைத்து வந்த காண்டிராக்டர் கம்பெனியின் பெயரில் ஒப்பந்தம் எழுதி, இத்தனை பேருக்கு மேல் தங்கக்கூடாது என்றும் சேர்த்துவிடுவார்.

இது புதிய யோசனையும் அல்ல. 1865-இல் லண்டன் மேரிலபோனில் ஜான் ரஸ்கின் வாங்கிக் கொடுத்த சில பாழடைந்த வீடுகளை ஆக்டேவியா ஹில் என்ற பெண்மணி நிர்வகிக்க ஆரம்பித்தார். வாரந்தோறும் தாமே போய் வாடகை வாங்குவார்; பாக்கி வைக்க விடமாட்டார். ஆனால் ஒழுகும் கூரையையும் அடைத்த சாக்கடையையும் சரிசெய்து கொடுப்பார். ஏழைக் குடித்தனக்காரர்கள் ஒழுங்காகக் கட்டினார்கள். ரஸ்கினுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வருமானமும் கிடைத்தது. நம்பகமான குடித்தனக்காரர் வேண்டுமானால், நம்பகமான வீட்டுக்காரரும் வேண்டுமல்லவா?

நம் தமிழ்நாட்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் நிறைவேறிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். துணை கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு விதமாக எழுதிக்கொண்டாலொழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய நமக்கு இது கசப்பு மருந்துதான்! வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். வெள்ளையடிப்பதும் மின்சார ஒயரிங்கும் வீட்டுக்காரர் பொறுப்பு; குழாய் வாஷரும் சுவிட்சும் குடியிருப்பவர் பொறுப்பு. கொசஸ்தலை ஆற்று வெள்ளம் 2015-லும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மணலி வட்டாரத்து வீடுகளுக்குள் புகுந்ததே, அதன் பிறகு 'சுவருக்கு யார் செலவு?' என்று தெருவில் நின்று சண்டை போடாமலிருக்க இது உதவும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நிர்வாகியே திருடனாக இருந்தால்? சென்னையில் போலீஸ் வரைக்கும் போன மோசடி இது. நிர்வாகி உங்களிடம், "மாதம் பன்னிரண்டாயிரம் வாடகை, நான் பொறுப்பு" என்பார். குடியேறுகிறவரிடமோ, "லீசுக்கு ஐந்து லட்சம் கொடுங்கள், வாடகையே வேண்டாம்" என்று வாங்கிக்கொள்வார். அந்தப் பணத்திலிருந்தே கொஞ்ச காலம் உங்களுக்கு ஒழுங்காக வாடகை வரும். ஒரு மாதம் நின்றுவிடும். நீங்கள் ஓடிப்போய்க் கதவைத் தட்டினால், உள்ளே இருப்பவர் ஐந்து லட்சத்துக்குக் காகிதத்தை நீட்டுவார். இருவருமே ஏமாந்தவர்கள். ஆனாலும் இருவரும் ஒருவரையொருவர் திருடன் என்று நினைத்துக்கொண்டு நிற்பார்கள்.

இதைத் தடுக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. நிர்வாகி யார், அவருக்கு எந்தெந்த வேலைக்கு மட்டும் அதிகாரம் என்பதை வீட்டுச் சொந்தக்காரர் குடித்தனக்காரருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆகவே பொது அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 'வாடகை வசூல், பழுதுபார்ப்பு, நோட்டீசு கொடுப்பது; இவ்வளவே' என்று ஒரு கடிதம் போதும். ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்திடுங்கள். வாடகை நேராக உங்கள் பாங்குக் கணக்குக்கு வரட்டும். நிர்வாகியின் கூலியை நீங்கள் தனியாக அனுப்புங்கள். குடிவந்த முதல் வாரமே டெலிபோனில் கூப்பிட்டு, "அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தீர்கள், ஐயா?" என்று குடித்தனக்காரரையே கேட்டுவிடுங்கள்.