பவளத் தொட்டியும் பதறும் கையும்

வீட்டில் பவளம் வளர்ப்பவர்களின் பேச்சில் மீனையும் பவளத்தையும்விட எண்கள்தான் அதிகம் அடிபடும். கால்சியம் 420, கேஎச் 8, நைட்ரேட் 5, உப்பு 35 என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள். அளந்து பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஓர் எண் கொஞ்சம் நகர்ந்ததும் பாட்டிலைத் திறந்து ஊற்றும் பழக்கம் இருக்கிறதே, அழுக்குத் தண்ணீரைவிட வீட்டுத் தொட்டிப் பவளங்களுக்கு அதுதான் பெரிய எமன் என்பது என் கட்சி. ஏறக்குறைய சரியான ஓர் அளவு நேற்றும் இன்றும் நாளையும் மாறாமல் இருந்தால் பவளம் பிழைத்துக்கொள்ளும். 1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், இயற்கைக் கடல்நீர், நுண்ணுயிர்கள் குடியேறிய உயிர்ப்பாறை, காற்றுக் குமிழ் இவ்வளவே கொண்டு பவளம் வளர்த்த விதத்தை ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் எழுதினார். கழிவை நுரையாகப் பிரிக்கும் இன்றைய ஸ்கிம்மரோ, கால்சியத்தையும் கேஎச்சையும் சொட்டுச் சொட்டாக ஈடுகட்டும் டோசிங் பம்போ அவரிடம் கிடையாது.

பதற்றம் ஏன் ஆபத்து என்பதற்கு வேதியியலிலேயே விடை உண்டு. கல் பவளம் தன் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. அதற்காகத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துக்கொள்கிறது. இந்தப் பைகார்பனேட்டின் இருப்பைத்தான் பெரும்பாலும் கேஎச் என்ற எண் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்தே குறையும்: கால்சியம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் இறங்கும்போது கேஎச் 2.8 இறங்கும். கடல்நீரில் கால்சியம் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம். அதில் 20 போனால் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. கேஎச்சோ கடலில் 7 அளவில்தான் இருக்கிறது, தொட்டிகளில் 8, 9 என்று வைப்பார்கள். அதில் 2.8 போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காலி. ஒரே செலவு ஒரு கணக்கில் கண்ணுக்கே தெரிவதில்லை, இன்னொரு கணக்கில் பள்ளம் பறித்துவிடுகிறது. பவளம் நிறைந்த தொட்டியில் ஒரே நாளில் கேஎச் 1 குறைவது சாதாரணம். சில நாள் கவனிக்காமல் விட்டு, பிறகு அளந்து பார்த்து, குறைந்ததையெல்லாம் ஒரே மூச்சில் ஊற்றினால் எண் உடனே சரியாகிவிடும். கிளைப் பவளத்தின் நுனி கருகுவதும் தசை உரிவதும் பிறகுதான் தெரியவரும், அப்போது செய்வதற்கு அதிகமில்லை. பழகியவர்கள் ஒரு நாளில் 1க்கு மேல் ஏற்றுவதில்லை. தினசரிச் செலவு எவ்வளவு என்று முதலில் கண்டுபிடித்து, அதைப் பல சிறு தவணைகளாகக் கொடுக்கிறார்கள்.

பிஎச் விஷயத்தில் பதற்றம் இன்னும் வேடிக்கையானது. ஏசி அறையில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாலு பேர் தூங்கினால் காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடும். அது தண்ணீரில் கரைந்து, 8.2 இருந்த பிஎச்சை 7.9க்கோ 7.8க்கோ இறக்கிவிடும். உடனே கடையிலிருந்து பிஎச்சை ஏற்றும் பஃபர் பொடி வரும். பொடி நிரந்தரமாக ஏற்றுவது கேஎச்சை மட்டுமே. அறைக் காற்று மாறாதவரை பிஎச் மறுபடி இறங்கும், மறுபடி பொடி விழும், கேஎச் எங்கோ போய் நிற்கும். ஜன்னலைத் திறந்திருந்தால் காசில்லாமல் முடிந்திருக்கும் காரியம்.

இதை மறுப்பவர்களிடம் நல்ல கேள்வி ஒன்று உண்டு. கடலே நிலையாக இல்லையே? அமெரிக்கச் சமோவாவின் ஓஃபு தீவில், நீர் வற்றும் வேளையில் பவளக் குட்டைகளின் வெப்பநிலை 34 டிகிரியைத் தாண்டுகிறது, ஒரே நாளுக்குள் 6 டிகிரி வரை ஏறி இறங்குகிறது. அங்கேயும் பவளம் இருக்கிறது, மற்ற இடத்துப் பவளத்தைவிட உரமாகவே இருக்கிறது. உண்மைதான். ஆனால் அந்த ஏற்ற இறக்கம் ஓதத்தோடு வந்து ஓதத்தோடு போவது. உயிரியலாளர் ஸ்டீபன் பலும்பியும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அதே தீவின் அவ்வளவு சூடாகாத குட்டையிலிருந்து சூடான குட்டைக்கு மாற்றப்பட்ட பவளங்கள் ஈராண்டுக்குள் வெப்பத்தைத் தாங்கும் திறனைக் கணிசமாகப் பெற்றன. பழகவே முடியாது என்பதல்ல என் வாதம். பழகுவதற்குக் கடல் கொடுத்த அவகாசத்தை ஞாயிற்றுக்கிழமை பாட்டில் திறப்பவர் கொடுப்பதில்லை. அதே கடல், வெப்பம் இறங்காமல் நின்றுவிட்டால் பவளத்தைக் கொன்றும் விடுகிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே பவளம் தனக்குள் வாழும் ஒற்றைச்செல் பாசிகளை வெளியேற்றி வெளிறிவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் நடந்தது அதுதான். நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத சென்னைத் தொட்டிக்கு மே மாதம் வைக்கும் சோதனையும் இதே வகை. மின்விசிறி வைத்தால் சூடு இறங்கும், தண்ணீரும் வேகமாக ஆவியாகும். போவது நன்னீர், உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆவியான நீரை வாரம் ஒருமுறை குடமாக ஊற்றி ஈடுகட்டுவதும் இன்னொரு குலுக்கல்தான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நன்னீர் சேர வேண்டும்.

அடுத்த மறுப்பு தூய்மை பற்றியது. பவளக் கடலில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கிட்டத்தட்ட பூஜ்யம், ஆகவே தொட்டியிலும் பூஜ்யம் வேண்டும் என்பார்கள். கல்யாணப் பந்தியில் பரிமாறுபவரின் வாளி காலியாக இருப்பதைப் பார்த்து அங்கே சாப்பாடே போடவில்லை என்று சொல்வதற்கு ஒப்பானது இது. அலை ஓயாமல் மிதவையுயிர்களைக் கொண்டுவருகிறது, மீன்கள் கழிவைக் கொட்டுகின்றன, வந்த வேகத்தில் எல்லாம் உண்ணப்படுவதால் தண்ணீரில் மிச்சம் தெரிவதில்லை. கரீபியன் கடலில் பகல் முழுதும் பவளத்தின்மேல் கூட்டமாக ஓய்வெடுக்கும் மீன்களின் கழிவு அப்பவளத்தை வேகமாக வளரச் செய்வதாக 1983லேயே சயன்ஸ் இதழ் ஓர் ஆய்வை வெளியிட்டது. சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தின் யோர்க் வீடன்மன் குழு 2013இல் காட்டியது இன்னும் நேரடியானது: நைட்ரஜன் மிகுந்து பாஸ்பேட் பஞ்சம் ஏற்பட்டால், வெப்பத்திலும் ஒளியிலும் பவளம் எளிதில் வெளிறுகிறது. இது தெரியாமல் பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புத் துகளைத் தாராளமாகப் போட்டு ஒரே இரவில் எண்ணைப் பூஜ்யமாக்குபவர், சுத்தம் செய்வதாக நினைத்துப் பட்டினி போடுகிறார். போதாக்குறைக்கு, அப்படி வறண்ட தொட்டிகளில்தான் பழுப்புச் சளியாகப் படரும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் தலையெடுக்கின்றன.

அப்படியானால் அழுக்கு இருக்கட்டுமா என்றால், இல்லை. அம்மோனியாவும் செம்பும் சமரசத்துக்கு இடமில்லாதவை; மீனின் வெண்புள்ளி நோய்க்கு விற்கும் செம்பு மருந்து பவளத்துக்கு நஞ்சு. பாஸ்பேட் எல்லை மீறினால் எலும்புக்கூடு கட்டும் வேலை தடைபடும். வீட்டிலிருக்கும் குடிநீர் ஆர்ஓ கருவியையும் அப்படியே நம்ப முடியாது, சுவைக்காகப் பல கருவிகள் உப்பில் கொஞ்சம் விட்டுவைக்கின்றன. தொட்டிக்கு, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்டும் தண்ணீர் வேண்டும். அதற்கு ஆர்ஓவுக்குப் பின்னால் மிச்ச அயனிகளை நீக்கும் டிஐ பிசின் இருக்க வேண்டும். கருவியே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கும், அப்படியே நம்ப முடியாது என்பதுதான் பதில். டோசிங் பம்ப் மனிதக் கையைவிடச் சீராகச் சொட்டும், மறுக்கவில்லை. ஆனால் பிஎச் உணரி நாளடைவில் பொய் சொல்லும், அந்தப் பொய்யை நம்பி இரவெல்லாம் ஊற்றும் கருவி எந்த அவசரக்காரரையும் மிஞ்சிவிடும்.

இந்தியாவில் வளர்ப்பவருக்கு நிதானம் சட்டத்தாலும் வருகிறது. கல் பவளங்கள், கடல்விசிறி வகைகள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. 1986இல் தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாவிலிருந்தோ அந்தமானிலிருந்தோ ஒரு துண்டு எடுப்பதும் குற்றம், லீ சின் எங் பயன்படுத்தியதுபோன்ற உயிர்ப்பாறையும் இதில் அடங்கும். வெளிநாட்டுக் கல் பவளத்துக்கு, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்ஸ் உடன்படிக்கையின்படி ஆவணம் வேண்டும். ஆக, இங்கே தொட்டி தொடங்குவது செயற்கையாகச் செய்த வெறும் கல்லில்தான். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா அதில் குடியேற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நைட்ரேட்டைச் சிதைக்கும் வகை, கல்லின் உட்புறத்தில் பிராணவாயு எட்டாத துளைகளில் நிலைபெற இன்னும் பல மாதம் பிடிக்கும். முதல் பவளத்தை வாங்கும் நாளை அதற்குப் பின்னால் குறித்துக்கொள்ளலாம்.