நீச்சல் குளத்தில் சிப்பாய்க்கு ஏன் தள்ளுபடி?

அமெரிக்காவில் பல நகராட்சி நீச்சல் குளங்களில் பணியில் இருக்கும் ராணுவத்தினருக்கு நுழைவுக் கட்டணம் குறைவு. அடையாள அட்டையைக் காட்டினால் போதும். நேற்று சேர்ந்தவரோ ஜெனரலோ, சலுகை ஒண்ணுதான். 1973-இல் கட்டாய ஆள்சேர்ப்பை நிறுத்திய நாடு அது. தானாகச் சேர்ந்தவருக்கு ஊர் சொல்லும் நன்றின்னு இதை எடுத்துக்கலாம்.

ஜெர்மனியில் கதை வேறு. அங்கே பல குளங்களில் இந்தச் சலுகை மாணவர், வேலையில்லாதவர் இருக்கும் அதே வரிசையில் வரும். கட்டாய சேவைக்கு வந்த பையனுக்குக் கிடைத்தது சொற்பப் படிக்காசு, அதனால் தள்ளுபடி. முழுச் சம்பளம் வாங்கும் நிரந்தர வீரர் பொதுவாக அந்த வரிசையில் வரமாட்டார். 2011 ஜூலையில் கட்டாய சேவை நிறுத்திவைக்கப்பட்டது. அந்த இடத்துக்கு இப்போது தன்னார்வமாகச் சேர்பவர்கள் வந்துவிட்டார்கள்.

இரண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், ஆனா இல்லை. நன்றிதான் காரணம் என்றால் சம்பளத்தைப் பார்க்க வேண்டாம். வருமானம்தான் காரணம் என்றால், அதே சம்பளத்தில் ஓட்டலில் பாத்திரம் தேய்ப்பவருக்கும் தள்ளுபடி தரணும். சலுகையில் குறையும் காசை மற்ற டிக்கெட்டிலோ வரியிலோதான் ஈடுகட்டணும். அதனால், எதற்காகத் தருகிறோம் என்று ஊர் முதலில் முடிவு பண்ணிக்கொள்வது நல்லது.