ஃபோர்க் ஆயில் கசிகிறதா? பில் இல்லாமல் வண்டியை விடாதீர்கள்

மழை ஓய்ந்த நாலாம் நாள் சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். தாம்பரம்–வேளச்சேரி சாலையில் வரும் பைக்குகளின் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ‘டங்’ என்று இரும்போடு இரும்பு மோதும். ஓட்டுகிறவர் ரோட்டைத் திட்டிவிட்டுப் போய்விடுவார். திட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தச் சத்தம் வண்டியிலிருந்து வருகிறது. முன் ஃபோர்க்கில் ஆயில் இல்லை என்று வண்டி சொல்கிறது.

எங்கள் தெருத் தம்பி ஒருவர் மூன்று மாதத்தில் இரண்டு முறை ஆயில் சீல் மாற்றிவிட்டார். மூன்றாம் முறையும் கசிவு. “பில் எங்கே?” என்றேன். “தெரிஞ்ச கடைண்ணா, பில்லெல்லாம் கேக்கல” என்றார். இப்படி வருகிறவர்களை நான் எண்ணுவதையே நிறுத்திவிட்டேன்.

ஃபோர்க் பைப்புக்குள் ஸ்பிரிங்கும் ஆயிலும் இருக்கின்றன. அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். அது துள்ளாமல் பிடித்து வைப்பது ஆயில். அந்த ஆயில் வெளியே வராமல் காப்பது ஒரு ரப்பர் வளையம், அதுதான் ஆயில் சீல். பைப்பில் சேறு காய்ந்து ஒட்டினால் சீலின் உதட்டை அறுக்கும். துரு பிடித்துக் குழி விழுந்த பைப் அதைவிட மோசம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகளில் இதைப் பார்க்கலாம். குழி விழுந்த பைப்பில் எத்தனை புதுச் சீல் போட்டாலும் சில வாரத்தில் கிழியும். பைப்பின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் பைப்பையே மாற்ற வேண்டும். இதைப் பார்க்காமல் சீல் மட்டும் மாற்றுகிற கடைக்காரர் உங்கள் பணத்தை வீணாக்குகிறார். தம்பியின் வண்டியில் நடந்தது அதுதான். நகம் மூன்று இடத்தில் தட்டியது.

வீட்டிலேயே பார்க்க வழி இருக்கிறது. பைப்பை வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை நாலு முறை அழுத்துங்கள். மறுபடி துடையுங்கள். துணியில் ஆயில் வளையம் விழுந்தால் சீல் போய்விட்டது. அழுத்திவிட்டதும் ஒரு முறை எழுந்து நிற்காமல் தொட்டில்போல் ஆடினால் உள்ளே ஆயில் குறைவு, அல்லது நீர்த்துப்போய்விட்டது. கசிவோடு ஓட்டாதீர்கள். வழிகிற ஆயில் டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் இறங்கினால் முன் பிரேக் பிடிக்காது. மறுபடியும் சொல்கிறேன், கசிவோடு ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள்.

வண்டி மெத்தென்று போக வேண்டும் என்பவர்கள் முதலில் டயர் காற்றையும், ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்கான கோன் செட்டையும் பார்க்கட்டும். காற்று அதிகமானாலே கை அதிரும். அன்றாடம் ஓட்டும் பெரும்பாலான பைக்குகளில் முன் ஃபோர்க்கைத் திருகிச் சரிசெய்ய எந்த வசதியும் கிடையாது. கையேட்டில் சொன்ன தர ஆயிலைச் சொன்ன மில்லி கணக்கில் இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஊற்றுவதுதான் அங்கே டியூனிங். பல கடைகளில் குளிர்பான பாட்டிலில் கண்ணளவாக ஊற்றுகிறார்கள். ஆயில் கூடினால் உள்ளே காற்றுக்கு இடம் இருக்காது. ஃபோர்க் அமுங்காமல் கல்லாகிவிடும், சீல் பிதுங்கும். எஞ்சின் ஆயிலை ஊற்றுகிறவர்களும், ஸ்பிரிங்கின் மேல் பைப் துண்டை வைத்து ‘ஸ்டிஃப்’ ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். வளைந்த பைப்பைத் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். வளைந்து நிமிர்ந்த இரும்புக்குப் பழைய பலம் கிடையாது.

வேறு பெரிய பைக்கின் ஃபோர்க்கை மாட்டுவது இன்னொரு ஆபத்து. வண்டியின் அடிப்படை அமைப்பு தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. அதே மாடல் உதிரிபாகம் மாற்றுவதும் ஆயில் மாற்றுவதும் இதில் வராது, பயப்பட வேண்டாம்.

இனி காகித வேலை. வண்டியை விடும்போதே ஜாப் கார்டு கேளுங்கள். அதில் கிலோமீட்டர், புகார் என்ன, பைப்பில் கீறல் உண்டா இல்லையா என எழுதச் சொல்லுங்கள். எடுக்கும்போது பில் வாங்குங்கள். ‘ஃபோர்க் வேலை’ என்று ஒற்றை வரியில் தந்தால் வாங்காதீர்கள். சீல் எந்தக் கம்பெனி, ஆயில் என்ன தரம், எத்தனை மில்லி, கூலி எவ்வளவு, எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். கழற்றிய பழைய சீலையும் கேட்டு வாங்குங்கள். பில் தராமல் இருப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47) சொல்கிறது. கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்பட ஒன்றுமில்லை. பில் தவறிவிட்டதா? யுபிஐயில் பணம் போன பதிவும் கடைக்காரரின் வாட்ஸ்அப் செய்தியும் சான்றாக உதவும்; அழிக்காதீர்கள்.

மறுபடி கசிந்தால் வேறு கடையில் பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டால் யார் செய்த தவறு என்று காட்ட முடியாது. படம் எடுத்து, கடைக்கோ சர்வீஸ் சென்டருக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டங்களில் இருப்பவர்களுக்குச் செங்கல்பட்டு. சோழிங்கநல்லூர் வட்டத்துக்காரர்களுக்குச் சென்னை. நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நடந்ததைத் தேதிவாரியாக எழுதிய மனு, பிரமாணப் பத்திரம், பில், ஜாப் கார்டு, கடித நகல், படங்கள் இருந்தால் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். காலக்கெடு 2 ஆண்டு. அதைத் தாண்டினால் தாமதத்துக்குத் தனியாகக் காரணம் சொல்லி மன்றாட வேண்டும்.

பள்ளத்தில் விழுந்து பைப் வளைந்திருந்தால், முழுக் காப்பீடு உள்ளவர்கள் சர்வேயர் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பிரிக்கவே கூடாது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

பள்ளத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் அலுவலகங்கள் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன. 2021-இல் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள்; தெருச் சாலைகள் அவர்களுடையவை. வேளச்சேரி சாலைபோன்ற பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறைக்கு. அந்தத் துறையின் ‘நம்ம சாலை’ செயலியில் படத்தோடு பதியுங்கள். மாநகராட்சித் தெருவென்றால் முதல்வர் உதவி எண் 1100. இரண்டிலும் புகார் எண் வாங்காமல் விடாதீர்கள். ஒட்டுப்போட்ட பத்தே நாளில் பெயர்கிறதா? 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: ஒப்பந்ததாரர் யார், வேலை முடிந்த தேதி என்ன, குறைபாட்டுக்கு அவர் பொறுப்பேற்கும் காலம் எதுவரை? 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் காலம் முடிவதற்குள் பெயர்ந்த சாலையை ஒப்பந்ததாரர் தன் செலவில் போட வேண்டும். இதைக் கேட்க அதிகாரிகளுக்கு நாம் நினைவூட்ட வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆத்திரம். சாலைப் பராமரிப்புக் குறையால் உயிர் போனாலோ உடல் ஊனமானாலோ பொறுப்பானவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ பிரிவே இருக்கிறது.

தம்பி இப்போது பைப்பையே மாற்றிவிட்டார். முதல் இரண்டு முறை கொடுத்த பணத்தைக் கேட்க அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. மூன்றாவது முறைக்கு மட்டும் பில் வாங்கியிருக்கிறார். வாங்கிய அன்றே மொபைலில் படம் எடுக்கச் சொன்னேன். நீங்களும் எடுத்து வையுங்கள், மெஷினில் வரும் பில் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும்.